சுழி போட்ட மடல்

செண்பகவல்லி அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்பது காலையிலிருந்து நான்காவது தடவை. சும்மா நிற்கவில்லை. மூச்சு விட்டாள், வேர்த்தாள், இரண்டு தடவை தும்மினாள், போதாக்குறைக்குக் கண்ணாடியைத் தட்டவும் செய்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அங்கே இருக்கிறாள் என்பதை ஒப்புதல் அலுவலகம் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

“என் சிறுநீரகம் சார். என் வயித்துக்குள்ள இருக்கு. என் தம்பிக்கு நான் குடுக்கேன். செண்பகவல்லி நான்தான், இந்தா முன்னால நிக்கேன்லா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்பராஜ் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான். “நிக்கிறீங்கம்மா. நான் எங்க இல்லைன்னேன்? மடல் பொய்னு வந்திருக்கே, அதுக்கு என்ன செய்ய?” என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

மேலே பெரிய பலகை. வந்த மடல்களின் பெயரெல்லாம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. ‘செல்வமணி எடைமேடை, செண்பகவல்லி: பொய்.’ அதற்குக் கீழே திங்கட்கிழமை அனுப்பியது: ‘பொய்.’ இரண்டும் சிவப்பு எழுத்து. நெல்லையில் உள்ள அந்தப் பெரிய மருத்துவமனைக்கு வருகிற போகிற அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கும்படி எழுதி வைத்திருந்தார்கள்.

எல்லாம் போலிமுக வருஷத்தால் வந்த வினை. அந்த வருஷம்தான் ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் மேல் தோலாக ஒட்டி, குரலையும் விரல் ரேகையையும் அச்சடித்துக் கொண்டுவந்து, யார் யாருடைய ஈரலையோ கண்ணையோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் கொந்தளித்தது. அரசாங்கம் சட்டம் போட்டது. முகம் சாட்சியில்லை, குரல் சாட்சியில்லை, ரேகை சாட்சியில்லை. முத்திரை வைத்த மின்மடல் ஒன்றுதான் சாட்சி. கடையோ கம்பெனியோ, ஒரு பெயரைப் பொதுப்பதிவில் பதிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கிறவர்களும் அந்த வீட்டு ஆட்களும் அந்தப் பெயரிலிருந்துதான் மடல் போட வேண்டும். தனியாளாகப் பெயர் பதிய நான்கு மாதம் ஆகும். செண்பகத்திடம் நான்கு மாதம் இல்லை. அன்று நான்கு மணி வரைதான் இருந்தது.

தம்பி வேலாயுதம் ஐந்தாவது மாடியில் படுத்திருந்தான். இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். நாளைக் காலை அவனுக்கு அறுவை என்று முறை வந்திருந்தது. நான்கு மணிக்குள் அக்காவின் ஒப்புதல் ஏறாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பி வர ஏழு மாதம். “ஏழு மாசம் தாங்குமா டாக்டர்?” என்று கேட்டதற்கு அந்த அம்மா கோப்பை மட்டும் புரட்டியது செண்பகத்தின் கண்ணிலேயே நின்றது.

“சரி, மூணாவது மடல் போடுதேன்” என்றாள்.

“போடுங்க. ஆனா யோசிச்சுப் போடுங்கம்மா. ஒரே பேர்ல மூணு பொய் வந்துட்டா அந்தப் பேரையே ஒரு வருஷத்துக்கு அடைச்சிருவோம். அதுக்கு முன்னால மெய்யா வந்த மடல் இருந்தாலும் அதுவும் சேர்ந்து செல்லாமப் போயிரும்.”

“எவனாவது வேண்டாதவன் என் பேரைப் போட்டுப் பொய் மடல் அனுப்புனா?”

“அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. உங்க பேரை நீங்கதானே காப்பாத்திக்கணும்?”

“நல்ல நியாயம் சார்! திருடன் வீட்டுக்குள்ள வந்தா வீட்டுக்காரனுக்கு ஜெயிலா?”

“நான் சட்டம் எழுதலம்மா. பலகை சொல்றதுதான்.”

பலகை சொல்வதுதான்! அந்த வார்த்தைதான் செண்பகத்துக்குச் சுருக்கென்றது. கோவில்பட்டி புறவழிச் சாலையில் பன்னிரண்டு வருஷமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். “அக்கா, மழையில நனைஞ்ச சரக்கு, பத்துக் கிலோ குறைச்சுப் போடுங்க” என்று எத்தனை டிரைவர்கள் கெஞ்சியிருப்பார்கள்! ஒருத்தருக்கும் ஒரு கிலோ விட்டதில்லை. “பலகை சொல்லுததுதான் எடை, போ போ” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவாள். ஒரு பொய்ச் சீட்டு அவள் கையால் போனதில்லை. அந்தப் பெருமையெல்லாம் இப்போது எதற்கு ஆகும்?

பெஞ்சில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், கையில் சீட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. மாமியார்க்காரி அடுத்து உட்கார்ந்து அதன் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு மெய் வரலையாக்கா?” என்றது பெண்.

“வரலையே தாயி. உனக்கு?”

பெண் பலகையைக் காட்டியது. ‘அருவிக்கரை செங்கல் சூளை, மகிழினி: மெய்.’ பச்சை எழுத்து.

“குடுத்து வச்சவ” என்றாள் செண்பகம் எரிச்சலோடு.

மாமியார் சாப்பிட்டுவிட்டு வர எழுந்து போனதும் பெண் கிட்டே நகர்ந்து வந்தது. “அக்கா, அந்த மடல்…” என்று ஆரம்பித்தது. செண்பகம் கையைக் காட்டி அமர்த்தினாள். அவள் இருந்த இருப்புக்கு ஊரார் கதை கேட்க நேரமில்லை. போனை எடுத்து ஜெயக்கொடியைக் கூப்பிட்டாள்.

ஜெயக்கொடி, எடைமேடை முதலாளி செல்வமணி அண்ணாச்சியின் மகள். ஓசூரில் வலையமைப்புக் கம்பெனியில் பெரிய வேலை. எடைமேடையின் மடல் இயந்திரத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்வது அவள்தான்.

“அக்கா, காலையிலேருந்து நானும் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றாள் ஜெயக்கொடி. “வேற எவனும் நம்ம பேர்ல அனுப்பல. நம்ம இயந்திரத்துலேருந்துதான் போயிருக்கு. பதிவுல சாவியும் சரியாத்தான் இருக்கு.”

“சாவியா? என்ன சாவி? எனக்கு விளங்குத மாதிரி சொல்லுட்டி, மணி மூணேகாலாவுது.”

“மடல்ல அனுப்புறவங்க பேரு இருக்குல்ல, அது உறை மேல எழுதுற மாதிரி. அதுல யாரு பேரை வேணாலும் எழுதலாம். என் கம்பெனியில சோதனைக்குன்னு நானே தினமும் அப்படி அனுப்புறேன். ஆனா முத்திரை அப்படி இல்ல. மடல் கிளம்பும்போது உள்ள இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் வச்சு நம்ம இயந்திரம் கணக்குப் போட்டு முத்திரை வைக்கும். அதைச் சரிபார்க்கிற சாவி பொதுப்பதிவுல நம்ம பேருக்கு நேரா தொங்குது. வாங்குறவங்க அதை எடுத்துப் போட்டுப் பார்ப்பாங்க. வழியில ஒரே ஒரு எழுத்து கூடினாலும் பொருந்தாது.”

“அப்ப எடைச்சீட்டு மாதிரின்னு சொல்லு. சீட்டு போட்ட பிறகு வண்டியில ஒரு மூட்டை ஏறுனா சீட்டும் வண்டியும் ஒத்துப்போகாது.”

“அதேதான்! சரி, அந்த மடலை அப்படியே எனக்கு ஒண்ணு அனுப்புங்க.”

அனுப்பினாள். ஜெயக்கொடி திறந்து பார்த்தாள். பிறகு, “அக்கா, மேல பிள்ளையார் சுழி இருக்கே. நீங்க எழுதினதா?” என்றாள்.

“நான் எதுக்கு எழுதணும்? அது தானா விழுமே. நீதானே வச்சுக் குடுத்த?”

“ஐயையோ!”

செண்பகத்துக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இயந்திரம் வந்த வாரம், அனுப்பிய முதல் மடலுக்கே சிமெண்ட் கம்பெனிக்காரன் ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுதிவிட்டான். “சுழி போடாமக் கடுதாசி அனுப்புனா இப்படித்தான் ஆகும் அண்ணாச்சி” என்று ஓதியவள் வேறு யாருமில்லை, இதே செண்பகவல்லிதான். அண்ணாச்சி மகளைப் பிடித்து உலுக்க, மகள் ஐந்து நிமிஷத்தில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். அன்றிலிருந்து எடைமேடையை விட்டுப் போகிற மடல் ஒவ்வொன்றுக்கும் உச்சியில் ஒரு ‘உ’ விழுந்தது.

“முத்திரை வச்ச பிறகு, வாசல் கடக்கும்போது சுழி விழுற மாதிரி வச்சிருக்கேன்கா. மடையச்சி நான்!”

“அப்ப இத்தனை நாள் எப்படிப் போச்சு?”

“சரக்குக்காரங்க யாரு முத்திரையைப் பார்க்குறாங்க? பொருந்தலைன்னாலும் உள்ள விட்டுருங்கன்னு அப்பா பதிவுலயே எழுதச் சொல்லிட்டாரு. மருத்துவமனை அப்படி விடாதே.”

எலுமிச்சம்பழம்! லாரிக்காரர்கள் எடை போட்டு முடித்த பிறகு திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார்களே, அந்தக் கதைதான். தான் கட்டச் சொன்ன பழம் தன் தம்பி உயிரில் வந்து விழும் என்று யார் கண்டது? செண்பகம் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

“சுழியை எடுத்துப்போடு. இப்பவே.”

ஜெயக்கொடி அப்பாவையும் அழைப்பில் இழுத்தாள், எடைமேடை அறையில் ஒரு பொத்தானை அமுக்க அவர் கை வேண்டியிருந்தது. அங்கே அடுத்த பஞ்சாயத்து கிளம்பியது.

“சுழியை எடுக்கவா?” என்றார் அண்ணாச்சி. “உசிர் காரியத்துக்குப் போற மடலு, பிள்ளையாரை விட்டுட்டு அனுப்பச் சொல்லுதியளா? ரெண்டு பேருக்கும் புத்தி இருக்கா?”

“அண்ணாச்சி, அந்தச் சுழியாலதான் மடல் பொய்ங்கான்!”

“பிள்ளையாரு பொய்யா? யாரு சொன்னான்? அவன்கிட்ட போனைக் குடு!”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூணு இருபத்தைந்து. ஜெயக்கொடி அங்கே பல்லைக் கடிப்பது இங்கே கேட்டது. செண்பகமே வழி சொன்னாள். “அண்ணாச்சி, எலுமிச்சம்பழத்தை முதல்லயே வண்டியில வச்சுட்டு எடை போட்டா சீட்டு சரியா வரும்லா? அது மாதிரி சுழியை மடல்லயே முதல் எழுத்தா எழுதிருவோம். அதுக்குப் பிறகு முத்திரை. வாசல்ல விழுறது மட்டும் வேண்டாம்.”

அண்ணாச்சி யோசித்தார். “அப்படிச் சொல்லு. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?” என்று பொத்தானை அமுக்கினார்.

“முடிஞ்சது” என்றாள் ஜெயக்கொடி. “இனி அனுப்பலாம். இதுதான் கடைசி, பார்த்துக்கா.”

செண்பகம் போனில் எழுத ஆரம்பித்தாள். முதலில் ‘உ’ போட்டாள். ‘அனுப்புநர்’ என்று எழுதினாள். இரண்டு தடவை அழித்து எழுதினாள். ‘என் தம்பி வேலாயுதத்துக்கு நான்’ என்கிற இடத்தில் கண் மங்கியது, முந்தானையால் துடைத்தாள். அதுகூட முடியவில்லை, அதற்குள் இன்பராஜ் தடுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“செண்பகவல்லியம்மா! வந்துட்டும்மா! மெய்!”

அண்ணாந்து பார்த்தாள். ‘செல்வமணி எடைமேடை, செண்பகவல்லி: மெய்.’ பச்சை. கையில் அவள் மடல் பாதி வரியில் நின்றது.

போன் அதிர்ந்தது. அண்ணாச்சி. “ஏளா, நீ பதட்டத்துல தப்பா அடிச்சுத் தொலைப்பன்னு நானே உன் நாற்காலியில உக்காந்து எழுதி அனுப்பிட்டேன். சுழி போட்டுத்தான். போய்ச் சேர்ந்துச்சா?”

செண்பகம் போனை அணைத்தாள். தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். இன்பராஜ் மலர்ந்த முகத்தோடு வாசித்தார்.

“‘நலம், நலமறிய அவா. மேற்படி செண்பகவல்லியாகிய நான் என் தம்பிக்கு என் உடம்பிலிருந்து எது எது தேவையோ அதை எல்லாம் எடுத்துக்கொள்ள முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன்.’ ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு.”

எது எது தேவையோ அதை எல்லாம்! அண்ணாச்சிக்குக் கை தாராளம், அடுத்தவர் உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம். அவள் கையால் எழுதிய உண்மை இரண்டு தடவை பொய்யானது. அவள் எழுதாதது ஒரே தடவையில் மெய்யாகிவிட்டது. அந்த முத்திரை ஆளுக்கு வைத்த முத்திரை இல்லை, எடைமேடைக்கு வைத்தது. அந்த நாற்காலியில் எந்தக் கழுதை உட்கார்ந்து எழுதினாலும் அது செண்பகவல்லிதான்.

“சட்டப்படி ஒரு தடவை கேக்கணும்” என்றார் இன்பராஜ். “இதை எழுதினது நீங்கதானே?”

“இல்லைன்னு சொன்னா?”

“விளையாடாதீங்கம்மா. மடல் மெய்னு பலகை சொல்லுது. நீங்க இல்லைன்னா, அப்ப நீங்கதான் போலி. காவலரைக் கூப்பிடணும்.”

மேலே ஐந்தாம் மாடியில் வேலாயுதம் கைக்குழாயோடு படுத்திருந்தான்.

“நான்தான் எழுதினேன்” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கிழித்த முதல் பொய்ச் சீட்டு அதுதான். “சிறுநீரகம் ஒண்ணு போதும் சார், அதை மட்டும் பக்கத்துல எழுதிக்கிடுங்க” என்று சேர்த்துக்கொண்டாள். இன்பராஜ் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

திரும்பியபோது மகிழினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொல்ல வந்தது என்ன என்று செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏ தாயி, உன் மடலை எழுதினது யாரு?”

“மாமனாரு” என்றது பெண், உதடு அசையாமல். “சூளை ஆபீஸ்லேருந்து. பெரிய அத்தானுக்கு, அவங்க மூத்த மகனுக்கு, நான் சிறுநீரகம் குடுக்கணுமாம். என் வீட்டுக்காரருக்கும் பொருத்தம் இருக்குக்கா, ஆனா அவரு சூளையைப் பாக்கணுமாம். எனக்கு இப்ப மூணு மாசம். சொன்னா யாரும் கேக்க மாட்டேங்காங்க. அந்த சார்கிட்ட வேண்டாம்னு சொன்னேன். வேண்டாம்ங்கிறதுக்கும் மடல்தான் போடணும்னுட்டாரு.”

“எந்தப் பேர்லேருந்து?”

“சூளை பேர்லேருந்துதான்.”

செண்பகத்துக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கித் தரையில் அடித்திருப்பாள். எழுந்துபோய் இன்பராஜிடம் உண்மையைச் சொல்லலாம், அப்படிச் சொன்னால் தன் மடலும் பொய்யாகும், தம்பி முறை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் நாளைக்கு மேசையில் படுக்கும். மாமியார் தேநீர்க் கோப்பையோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். மணி மூணு ஐம்பது.

பலகையைப் பார்த்தாள். சட்டத்தை நினைத்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு தூண் மறைவுக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

“கொடி, உறை மேல யாரு பேரை வேணாலும் எழுதலாம்னு சொன்னியே?”

“ஆமா, ஆனா முத்திரை விழாது. பொய்னுதான் வரும்.”

“எனக்கு அதுதான் வேணும். அருவிக்கரை செங்கல் சூளை. அந்தப் பேர்ல மூணு மடல், இந்த ஆபீசுக்கு. அஞ்சு நிமிஷத்துல.”

அந்தப் பக்கம் ஜெயக்கொடி மூச்சை இழுத்தாள். “அக்கா, இது குத்தம்.”

“தெரியும். ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணோட காரியம். மிச்சத்தைப் பிறகு சொல்லுதேன், வார்த்தையை நான் சொல்லுதேன், நீ அடி.”

மூணு ஐம்பத்தாறுக்குப் பலகையில் ஒரு சிவப்பு விழுந்தது. அடுத்ததாக இன்னொன்று. மூன்றாவது விழுந்ததும் அருவிக்கரை செங்கல் சூளை என்ற பெயர் மொத்தமும் சிவந்து, மகிழினியின் பச்சை வரியும் அதோடு சேர்ந்து அணைந்துபோனது.

மாமியார் கோப்பையைப் போட்டுவிட்டுத் தடுப்புக்கு ஓடினாள். “நாங்க அனுப்பல சார்! எங்க வீட்டுல யாருமே அனுப்பல! நான் சொல்லுதேன்லா, இந்தா முன்னால நிக்கேன்லா!”

“நிக்கிறீங்கம்மா” என்றார் இன்பராஜ். “நேர்ல சொல்றதெல்லாம் செல்லாது. மடல் போடுங்க. ஒரு வருஷம் கழிச்சு.”

மகிழினி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. செண்பகம் அதைப் பார்க்காதவள் போலத் தன் பையை எடுத்தாள்.

இன்பராஜ் அந்த மூன்று மடல்களையும் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு செண்பகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். சுவரில் கடிகாரம் நான்கு காட்டியது. தடுப்பின் கதவை இழுத்துச் சாத்தினார்.

“காலம் கெட்டுப்போச்சும்மா” என்றார், யாரிடமோ சொல்வது போல. “பொய் மடல் போடுறவங்ககூட இப்பல்லாம் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க.”

செண்பகம் ஐந்தாம் மாடிக்குப் படியேறினாள்.